உர மூட்டைகள் இறங்கிய பிறகு

நான் பயந்தவன். நீங்கள் பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதை யாராவது சொல்லியிருப்பார்கள். மறுக்கமாட்டேன். இந்தத் தேயிலைத் தோட்டத்தின் லோரிகளுக்கும் பட்டறைக்கும் பொறுப்பாக இருந்த காலம் முழுவதும், ஒரு லோரி தொழிற்சாலை வாசலைத் தாண்டினால் கைவேலையை விட்டுவிட்டுச் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது திரும்பி வரும் சத்தம் காதில் விழுந்தால்தான் வேலை ஓடும்.

ஒருமுறை, பச்சைக் கொழுந்து ஏற்றி வந்த லோரியில் தட்டல் சத்தம் கேட்கிறதென்று அதைச் சரிவிலேயே நிறுத்தி, கொழுந்து முழுவதையும் வேறு லோரிக்கு மாற்றச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. ஆட்கள் நனைந்து நடுங்கினார்கள். கடைசியில் பார்த்தால், ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு ஆணியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எங்கே என்ன சத்தம் கேட்டாலும், மூத்த ஃபிட்டர் முனியாண்டி என்னைப் பார்த்து, "ஐயா, இது சாம்பாரா ரசமா?" என்று கேட்பார். பட்டறையே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன்.

எப்போதும் எச்சரிக்கிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. உண்மையிலேயே ஆபத்து வரும் நாளில் அவன் பேச்சு எடுபடாது. எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அன்று ஆபத்தில் இருந்தது என் மகன். நீங்கள் கேட்டுக்கொண்டதற்காக நான் எழுதித் தருவது அந்த ஒரு நாளைப் பற்றித்தான். பிரேக் லைனிங் மாற்றுவது, டிரம் கடைவது எல்லாம் பட்டறையில் இருப்பவர்களே உங்களுக்குச் சொல்லித்தருவார்கள்.

எழுபதுகளின் கடைசி. பெட்ரோல் விலை ஏறியிருந்தது. பெரிய இன்ஜின் கார் வைத்திருந்தவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஈப்போ நகரில் ஓர் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்த என் மகன் சேவியர் அப்படி ஒன்றை வாங்கிவிட்டான். அமெரிக்காவில் செய்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். அது மலையேறி வரும் உறுமலைத் தொழிலாளர் லயத்தில் இருப்பவர்கள் கார் கண்ணில் படுவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள். அவர்கள்தான் அதற்கு 'கெர்பாவ்' என்று பெயர் வைத்தார்கள். மலாயில் எருமை. கறுப்பு நிறம், அந்த உறுமல், வழியில் வருகிறவர்களைப் பற்றி அக்கறை இல்லாத அதன் அகலம். பெயர் பொருந்தியது.

அந்தக் காரில் முதல் தடவை மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கியபோதே பாதி வழியில் பிரேக் கருகும் வாசனை வந்ததாம். பெடல் பஞ்சு போல அமுங்கியதாம். வளைவுகளில் பிரேக் போட்டால் பின் அச்சு தடதடவென்று குதித்ததாம். அவன் இதையெல்லாம் ஏதோ சாகசம் போலச் சிரித்துக்கொண்டே தன் அம்மாவிடம் சொன்னான். நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

தோட்ட மேலாளர் துரையிடம் அனுமதி வாங்கி, வேலை முடிந்த நேரங்களில் காரைப் பட்டறையில் ஏற்றினோம். பின்னால் ஷாக் அப்சார்பர்களின் மேல்முனையைப் பிடித்திருக்க வேண்டிய தகடு துருவேறி விரிசல் விட்டிருந்தது. ஷாக் இரண்டும் இருந்தும் பயனில்லை. புதிதாகத் தடித்த தகடு வெட்டி, வெல்டிங் வைத்தோம். இரண்டு ஷாக்கும் அச்சின் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றதை மாற்றி, ஒன்றை அச்சுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் பிடித்துக் கட்டினோம். அச்சு எந்தப் பக்கம் உருள முயன்றாலும் ஒன்று தடுக்கும். அந்த வேலை நன்றாகவே அமைந்தது. இன்றுவரை அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்தது பிரேக். முனியாண்டி பின் டிரம்மைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். காரை அவர் மலாயில் 'கெரேத்தா' என்றுதான் சொல்வார்.

"தம்பி, இவ்வளவு பெரிய கெரேத்தாவுக்கு இது என்ன, ரசச் சட்டி மாதிரி? பெருசா ஒண்ணு போடுவோம் லா."

பட்டறைக்குப் பின்னால் பழைய வேன் ஒன்று பாகம் பாகமாகக் கிடந்தது. அதன் பெரிய டிரம்மும், பெரிய வீல் சிலிண்டரும், அகலமான பிரேக் ஷூவும் கொஞ்சம் கடைந்தெடுத்தால் பொருந்தின. எல்லாரும் தலையாட்டினோம். எங்கள் யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்த வண்டி லோரி. கொழுந்தோ உரமோ விறகோ, எல்லாம் பின்னால்தான் ஏறும். லோரியை நிறுத்துவது பின் சக்கரம். அதனால் நிற்காத வண்டி எது வந்தாலும் எங்கள் கை முதலில் பின் சக்கரத்துக்குத்தான் போகும்.

பட்டறைக்கு அன்று ஒரு சோதனை முறை இருந்தது. பிரேக் வேலை பார்த்த லோரி எதுவும் சும்மா வெளியே போகாது. அதில் உர மூட்டைகளை அடுக்கி, தொழிற்சாலைக்கு மேலே இருக்கும் சரிவிலிருந்து இறக்கி, வளைவில் இருக்கும் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் நிறுத்திக் காட்ட வேண்டும். காலி வண்டியை இங்கே எல்லாரும் 'கோசோங்' என்பார்கள். கோசோங் வண்டியை யார் வேண்டுமானாலும் நிறுத்துவான், பாரம் ஏற்றி நிறுத்துவதுதான் பிரேக் என்பது எங்கள் எண்ணம். லோரியைப் பொறுத்தவரை அந்த முறை எங்களைக் கைவிட்டதில்லை.

காருக்கும் அதையேதான் செய்தோம். பின்பெட்டியில் மூட்டைகள், பின் இருக்கையிலும் மூட்டைகள். சேவியர் மேலேயிருந்து இறங்கி வந்தான். குழாய்க்கு நல்ல தூரம் முன்னாலேயே கெர்பாவ் மூக்கைத் தாழ்த்தி, குதிக்காமல், தடதடக்காமல், அப்படியே நின்றது. பட்டறை ஆட்கள் கை தட்டினார்கள். முனியாண்டி தலையிலிருந்த துணியை அவிழ்த்துச் சுழற்றினார்.

"எருமைக்கு மூக்கணாங்கயிறு போட்டாச்சு ஐயா!"

சேவியர் அன்றே கிளம்ப வேண்டியிருந்தது. அவனுக்குப் பேசி முடித்த பெண் தாப்பாவில் இருந்தாள். அவளுடைய பெற்றோர் எங்கள் வீட்டைப் பார்க்க மேலே வருவதாக ஏற்பாடு. அவர்களைத் தன் காரில் அழைத்துவர வேண்டும் என்பது அவனுக்கு ஆசை, கொஞ்சம் வீம்பும்கூட. நல்ல சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். தூறல் ஆரம்பித்திருந்தது. ஆட்கள் காரிலிருந்து மூட்டைகளை இறக்கினார்கள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மூட்டை இறங்கும்போதும் காரின் பின்பக்கம் கொஞ்சம் எழுந்தது. கடைசி மூட்டை இறங்கியபோது அது இன்னும் கொஞ்சம் உயர்ந்து, மெல்ல ஆடி நின்றது. டயருக்கு மேலே அதுவரை இல்லாத இடைவெளி தெரிந்தது.

நாங்கள் சோதித்தது இந்தக் காரை இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சோதித்தது ஒரு சின்ன லோரியை. தாப்பாவுக்கு இறங்கப்போவது பின்னால் ஒன்றுமே இல்லாத கார். ஈரச் சாலை. இறக்கத்தில் பிரேக் போட்டால் எடை முழுவதும் முன்னால் ஓடும். லேசாகிப்போன பின் சக்கரங்களில்தான் நாங்கள் வேனின் பிரேக்கைப் போட்டு வைத்திருந்தோம்.

"சேவியர், போகாதே."

"இப்ப என்னப்பா?"

"பின் பிரேக் அதிகம்."

முதலில் முனியாண்டி சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"பிரேக் பத்தலன்னு அழுவுற ஆளப் பாத்திருக்கேன் ஐயா," என்றார் முனியாண்டி. "அதிகம்னு அழுவுறவர இப்பத்தான் பாக்குறேன்."

"அப்பா, இப்பத்தானே குழாய்கிட்ட நிறுத்திக் காட்டுனேன்?"

"மூட்டையோட நின்னுச்சுடா. மூட்டை இல்லாம நிக்காது."

"அங்க போனா மாமா, அத்தை, அவங்க பேக் எல்லாம் ஏறும் லா. வெயிட்டுதானே வேணும் உங்களுக்கு?"

"அவங்க ஏறினா பரவாயில்ல. நீ தனியா இறங்குறதுதான் ஆபத்து."

முனியாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மாமனார் ஏறுனா நிக்கும், மாப்பிள்ள ஏறுனா நிக்காதா? நல்ல கெரேத்தா லா இது! பொண்ணு வீட்டுக்காரங்களே செஞ்சு அனுப்புன மாதிரி இருக்கு!"

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யார் ஏறினாலும் சரி, என் பிள்ளை தனியாகப் போனால் மட்டும் ஆபத்து என்று ஒருவன் சொல்கிறான். அதுவும் சாப்பாட்டுத் தூக்குக்காக லோரியை நிறுத்தியவன்.

சேவியர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

"நான் சைக்கிள் ஓட்டுனப்பவும் உங்க மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு. ஈப்போவுக்கு வேலைக்குப் போனப்பவும் இப்படித்தான். எப்பவும் ஒரே மூஞ்சிப்பா. இதுல எது நெசம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கோபத்தில் கேட்டான். ஆனால் அது நியாயமான கேள்வி.

உதவிக்கு வந்தது முனியாண்டிதான். வேண்டுமென்று வரவில்லை, பழக்கத்தில் வந்தார். ஓட்டுநர் யாராவது 'வண்டி என்னமோ சரியில்லை' என்று வந்து நின்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. அதையே சிரிப்பு அடங்காமல் என்னிடமும் கேட்டார்.

"சரி ஐயா. எந்தச் சக்கரம்?"

"பின் சக்கரம். ரெண்டும்."

"என்ன செய்யும்?"

"பூட்டிக்கும். முன் சக்கரம் உருண்டுக்கிட்டு இருக்கிறப்பவே பின்னது ரெண்டும் பூட்டிக்கும். வளைவுல பூட்டுனா பக்கவாட்டுப் பிடிமானம் போயிடும். பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னால வரப் பாக்கும்."

சொல்லிக்கொண்டே போகையில் ஒன்றைக் கவனித்தேன். என் குரல் நடுங்கவில்லை. முனியாண்டியின் சிரிப்பு நின்றிருந்தது. அவர் காரின் பின்பக்கத்தை, டயருக்கு மேலிருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் என்னால் என்னென்ன செய்திருக்க முடியும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். அவன் அம்மாவைக் கூப்பிட்டு அழ வைத்திருக்கலாம். வாசலில் தடுப்புத் தடியை இறக்கும்படி காவலரிடம் சொல்லியிருக்கலாம். எல்லாமே அவனை அன்றைக்கு நிறுத்தியிருக்கும். அடுத்த வாரம் நான் இல்லாத நேரத்தில், இன்னொரு மழையில், அவன் அதே காரில் இறங்கியிருப்பான்.

"சரிவுல இன்னொரு தடவை ஓட்டு," என்றேன். "காலியா. நான் பக்கத்துல உக்காந்துக்குறேன். குழாய்கிட்ட நின்னுச்சுன்னா நீ போயிட்டு வா. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

நானே ஓட்டிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஓட்டியிருந்தால், லோரி மிதிக்கிற மாதிரி மிதித்தீர்கள் என்று சொல்லியிருப்பான். அவன் கால் மிதித்து, அவன் கை திருப்பி, அவனுக்கே தெரிய வேண்டும். என் மகனை நானே அந்த இருக்கையில் உட்கார வைத்தேன்.

ஆனால் எங்கே ஓட்டுவது என்பதை நான் தீர்மானித்தேன். உச்சியிலிருந்து வேண்டாம், பாதிச் சரிவிலிருந்து போதும் என்றேன். கல்சுவர் இருக்கும் பக்கத்தை விட்டு, தேயிலைப் பக்கமாகக் காரை நிறுத்தச் சொன்னேன். ஆட்களை எல்லாம் மேலே ஏறி நிற்கச் சொன்னேன். ஒரு வண்டியை நம்ப முடியாதபோது, அது தவறினால் எங்கே போய் முட்டும் என்பதையாவது நாம் முடிவு செய்துகொள்ளலாம். அவ்வளவுதான் என் கையில் இருந்தது.

இறங்கினோம். வேகமே இல்லை. சைக்கிளில் வருகிறவன்கூட எங்களைத் தாண்டியிருப்பான். வளைவு வந்தது. சேவியர் பிரேக்கில் கால் வைத்தான்.

சத்தமே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் தூக்கத்தில் வருகிறது. கார் பழையபடியே இருந்திருந்தால் அச்சு குதித்து, தடதடத்து, ஏதோ தவறு என்று சொல்லியிருக்கும். ஷாக்கைச் சரியாகப் பிடித்துக் கட்டி, அந்தக் குரலையும் நாங்கள் அடக்கியிருந்தோம். வழவழவென்று பின்பக்கம் என் பக்கமாக விலகியது. கண்ணாடியில் தொழிற்சாலை நகர்ந்து போனது, குழாய் போனது, பனிமூட்டம் போனது. சேவியர் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினான் என்று எனக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. பிறகு என் முதுகுக்குப் பின்னால் கிளைகள் முறியும் சத்தம். கார் நின்றது.

நாங்கள் மேடு பார்த்து உட்கார்ந்திருந்தோம். வந்த வழியையே பார்த்துக்கொண்டு. மேலே முனியாண்டி வாயைத் திறந்தபடி நின்றார்.

சேவியரின் கை ஸ்டீயரிங்கை விடவில்லை.

"லேசாத்தான்பா மிதிச்சேன்," என்றான்.

"தெரியும்."

"லேசாத்தான் மிதிச்சேன்."

"தெரியும்டா."

அதற்குள் அந்தத் தேயிலை வரிசையின் கங்காணி குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "யாரு லா என் செடிய ஒடச்சது? ரோட்டுல நிறுத்த எடமே இல்லையா? துரை கேட்டா எருமை மேஞ்சிடுச்சுன்னா சொல்றது?" என்று கத்தினார். கத்திக்கொண்டே வந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்துக் குடையை எங்கள் பக்கமாகச் சாய்த்தார்.

காரைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அந்த வேலை நடக்கும்போது முனியாண்டி மெதுவாக, "மூட்டையத் திரும்ப ஏத்திக்கிட்டுப் போயிட்டா என்ன ஐயா? அதோட நல்லாத்தானே நின்னுச்சு," என்றார். அவசரத்தில் இப்படி ஒரு வழி எப்போதும் கிடைக்கும். அது முழுப் பொய்யாகவும் இருக்காது. அந்த மூட்டைகளோடு கார் ஒழுங்காக நிற்கும் என்பது உண்மை. ஆனால் அத்தனை பாரத்தோடு தாப்பாவரை இறங்கினால், ஏற்கனவே ஒருமுறை கருகிய முன் பிரேக் தாங்காது. அதோடு ஒரு நாள் யாராவது மூட்டையை இறக்கிவிட்டு, அது எதற்காக இருந்தது என்பதை மறந்துவிடுவார்கள். நான் பதில் சொல்வதற்கு முன்பே சேவியர் சொன்னான்: "வேணாம் அண்ணே."

அவன் மலைமேல் பிரிஞ்சாங்கிலிருந்து இறங்கிய காய்கறி லோரி ஒன்றில் ஏறித் தாப்பாவுக்குப் போனான். உள்ளே இடமில்லை என்று கோஸ் மூட்டைகளின் மேல் உட்கார வைத்தார்களாம். நல்ல சட்டை நனைந்து, கோஸ் வாசனையோடு பெண் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். பெண்ணின் அப்பா அவனுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்து, "கெரேத்தா எங்க தம்பி?" என்று கேட்க, இவன், "தேயிலைக்குள்ள," என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் மறுநாள் பஸ்ஸில் வந்தார்கள். என் மருமகள் இன்றும் கோபம் வந்தால் அவனை 'கோஸ்' என்றுதான் கூப்பிடுகிறாள்.

காருக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பயத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் போடவில்லை. ஷாக் தகடு சரியான வேலை, அது அப்படியே இருந்தது. பின்னால் பழைய ரசச் சட்டியையே திரும்ப மாட்டினோம். முன் சக்கரங்களுக்கு நல்ல லைனிங் போட்டோம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்க அவன் பழகிக்கொண்டான். பிறகு பாரத்தோடு ஒருமுறை, கோசோங்காக ஒருமுறை, சரிவில் தண்ணீர் ஊற்றி ஒருமுறை சோதித்தோம்.

அதனால்தான் இப்போது நீங்கள் ஒவ்வொரு வண்டியையும் காலியாகவும் ஈரத்திலும் இறக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. வெயில் நாளில் சரிவுக்குத் தண்ணீர் தூக்குவது யாருடைய கிறுக்குத்தனம் என்று நீங்கள் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். என்னுடையதுதான். அதை விட்டுவிடாதீர்கள். ஒரு வண்டி எப்படி ஓடப்போகிறதோ அப்படி ஓட்டிச் சோதியுங்கள். நமக்குப் பழகிய விதத்தில் சோதிக்காதீர்கள்.

என் பயம் போய்விடவில்லை. அன்று வீட்டுக்கு வந்து காபிக் கோப்பையைத் தூக்கினேன். பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். இப்போது சேவியருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கெர்பாவ் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. அவன் வேறொரு காரில் குடும்பத்தோடு மேலே வந்து, இரண்டு நாள் இருந்துவிட்டு இறங்குகிறான். அவன் சாவியை எடுக்கும்போதெல்லாம் 'போகாதே' என்ற சொல் என் வாய் வரை வரும். அப்போது எனக்குள் கேட்டுக்கொள்வேன்: எந்தச் சக்கரம்? பெரும்பாலும் பதில் இருக்காது. பதில் இல்லையென்றால் அது என் பயம், அவனுடைய கார் அல்ல. வாயை மூடிக்கொண்டு பேரப்பிள்ளைகளுக்குக் கை ஆட்டுவேன். பதில் இருந்தால் மட்டும் சொல்வேன். அப்படிச் சொன்ன சில தடவைகளில் அவன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கியிருக்கிறான்.

குழாயைத் தாண்டி வளைவுக்குப் போனால், தேயிலை வரிசையில் ஓரிடத்தில் செடிகள் மட்டும் இளசாக இருப்பதைப் பார்ப்பீர்கள். கங்காணி திட்டிக்கொண்டே நட்டவை. ஒரு காரின் அகலம் இருக்கும். மாலையில் நடக்கும்போது நான் அங்கே சற்று நிற்பது வழக்கம். அன்று எங்களைப் பிடித்து நிறுத்தியது அங்கே முன்பு இருந்த செடிகள்தான்.

தாப்பாவுக்கு இறங்கும் சாலையின் வளைவுகளில் பள்ளத்துப் பக்கம் தேயிலை கிடையாது. கொஞ்சம் மூங்கில் இருக்கும். அதற்குக் கீழே ஆறு ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.